வடகிழக்குப் பருவப் புயல் வாய்ப்பு: கடல் வெப்பச் சுழற்சிகளைப் படிக்கும் முறை

2015 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் பெயர் சூட்டும் அளவுக்கு ஒரு புயல்கூட வலுப்பெறவில்லை. ஆனால் அந்த ஆண்டுதான் சென்னை மூழ்கியது. டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. மறு ஆண்டு அதே மூன்று மாதங்களில் கியாந்த், நாடா, வர்தா என மூன்று புயல்கள். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையோ இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2015-ல் பசிபிக்கில் வலுவான எல் நினோ (நடு, கிழக்குப் பசிபிக் இயல்பைவிடச் சூடாவது) நிலவியது. 2016-ல் பலவீனமான லா நினாவும் (அதே பகுதி இயல்பைவிடக் குளிர்வது), இந்தியப் பெருங்கடலில் வலுவான எதிர்மறை இருமுனையும் (இயல்போடு ஒப்பிட, மேற்கைவிடக் கிழக்குப் பக்கம் சூடாவது) சேர்ந்திருந்தன.

கடல் வெப்பத்தை வைத்துப் பருவத்தைக் கணிக்க உட்காருபவர் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இது: மழைக்கு ஒரு கணக்கு, புயலுக்கு வேறு கணக்கு. "எல் நினோ வந்தால் நமக்கு நல்லது" என்று சொல்கிறவர் மழையைப் பற்றிச் சொல்கிறார். "லா நினா ஆண்டு, கவனம்" என்கிறவர் பெரும்பாலும் புயலைப் பற்றிச் சொல்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். இந்த வழிகாட்டி புயல் கணக்கைப் பற்றியது. மழை குறுக்கிடும் இடங்களில் மட்டும் அதையும் தொட்டுச் செல்லும்.

தேவைப்படுபவை: இணைய இணைப்பு, ஒரு எக்செல் தாள். மே முதல் செப்டம்பர் வரை மாதம் அரை மணி நேரம் போதும். அக்டோபர் பிறந்தபின் வாரத்துக்குப் பத்து நிமிடம்.

கடல் எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு ஆழம் சூடு

புயல் உருவாகக் கடல்மட்ட வெப்பநிலை 26.5 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதை எல்லோரும் கேட்டிருப்போம். அட்லாண்டிக்கில் அந்த எண் பெரிய கதவு. வங்கக்கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கதவு ஏறக்குறைய எப்போதும் திறந்தே இருக்கிறது. தென்மேற்கு வங்கக்கடலில் டிசம்பரில்கூட 27, 28 டிகிரி சாதாரணம். ஆகவே செயற்கைக்கோள் படத்தில் கடல் சிவப்பாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து "இந்த ஆண்டு புயல் அதிகம்" என்று முடிவுகட்டக் கூடாது. எல்லா ஆண்டும் அது சிவப்பாகத்தான் தெரியும்.

ஆண்டுக்கு ஆண்டு மாறுவது வேறு நான்கு. சூடான நீர் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பது ஒன்று. நடுவளிமண்டலத்தில், அதாவது 3 முதல் 6 கி.மீ. உயரத்தில், ஈரம் எவ்வளவு என்பது இரண்டாவது. கீழடுக்குக் காற்றில் சுழல் இருக்கிறதா என்பது மூன்றாவது. மேலடுக்குக் காற்றுக்கும் கீழடுக்குக் காற்றுக்கும் உள்ள வேறுபாடு, அதாவது விண்ட் ஷியர், நான்காவது. எல் நினோவும் லா நினாவும் ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவிலிருந்து நம் கடலைத் தொடுவது இந்த நான்கின் வழியாகத்தான்.

ஆழத்தைக் கணக்கிடுவது எளிது. புயலின் காற்று கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். சூடான அடுக்கு மெல்லியதாக இருந்தால் புயல் தன் காலடியையே குளிரவைத்துத் தளர்ந்துவிடும். இதை அளக்கும் எண் "புயல் வெப்ப ஆற்றல்". 26 டிகிரிக்கு மேலுள்ள வெப்பத்தை, அந்த 26 டிகிரி கோடு இருக்கும் ஆழம் வரை கூட்டினால் அது கிடைக்கும். அலகு, சதுர செ.மீ.க்கு கிலோஜூல். கையால் போட ஒரு குறுக்குவழி உண்டு:

ஆழம் (மீட்டர்) × 26-க்கு மேலுள்ள சராசரி டிகிரி × 0.41

26 டிகிரிக் கோடு 50 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, மேலுள்ள நீரின் சராசரி 28 டிகிரி என்று வையுங்கள். 50 × 2 × 0.41 = 41. இது சுமாரான எரிபொருள். அதே 28 டிகிரிச் சராசரி, ஆனால் கோடு 80 மீட்டரில் இருந்தால் 66. கடல்மட்டப் படம் இரண்டையும் ஒரே நிறத்தில்தான் காட்டும். பொதுவாக 50-60-ஐத் தாண்டிய பகுதிக்கு மேல் செல்லும் புயல், காற்றும் ஒத்துழைத்தால், வேகமாக வலுப்பெறும் வாய்ப்பு கூடுகிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த வரைபடத்தை வெளியிடுகிறது. அதன் பின்னணியில் ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன; பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி வெப்பநிலையையும் உப்பையும் அனுப்பும் கருவிகள் அவை.

வங்கக்கடலுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகியவை தென்மேற்குப் பருவம் முழுக்கக் கொட்டிய நன்னீர், வடக்கு வங்கக்கடலின் மேல் இலேசான மூடியாகக் கிடக்கிறது. உப்பு குறைந்த அந்த அடுக்கு கீழே உள்ள கனமான நீரோடு எளிதில் கலக்காது. மூடிக்குக் கீழே வெதுவெதுப்பான நீரும் சிக்கிக் கிடக்கும். அக்டோபரில் அதன்மேல் புயல் போனால் கடல் எதிர்பார்த்த அளவு குளிராது. வெப்ப ஆற்றல் எண் குறைவாகக் காட்டியும் ஒடிசா, வங்கதேசக் கரைகளுக்கு அருகில் புயல் தளராமல் போவதற்கு இது ஒரு காரணம். எனவே 15 டிகிரி வடக்குக்கு மேலே அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நம் தென்மேற்கு வங்கக்கடலில் இந்த மூடி மெல்லியது, அங்கே எண் ஓரளவு நேர்மையாகப் பேசும்.

பசிபிக்: நினோ 3.4

பார்க்க வேண்டிய பெட்டி: நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5, தெற்கே 5 டிகிரி, மேற்குத் தீர்க்கரேகை 120 முதல் 170 வரை. இதன் சராசரி வெப்பநிலை, 30 ஆண்டு இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெளியிடுகிறது. வார எண்ணைத் துரத்த வேண்டாம். அது காற்று சற்று வீசினாலே தாவும். மூன்று மாதச் சராசரியை எடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, ஜூலையில் −0.4, ஆகஸ்டில் −0.5, செப்டம்பரில் −0.7 என்று வைத்தால் கூட்டி மூன்றால் வகுக்க −0.53. லா நினாவின் எல்லை −0.5, எல் நினோவின் எல்லை +0.5. எல்லையைத் தொட்டுவிட்டது, ஆனால் நோவாவின் வரலாற்றுப் பட்டியலில் அந்த ஆண்டு ஏற வேண்டுமானால் இப்படி ஒன்றன்மேல் ஒன்று படியும் ஐந்து மும்மாதச் சராசரிகள் தொடர்ந்து எல்லைக்கு அப்பால் நிற்க வேண்டும். ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையம் 0.8 என்ற எல்லையைக் கையாளுவது வழக்கம். ஒரு செய்தித்தாள் "லா நினா வந்துவிட்டது" என்றும் இன்னொன்று "இன்னும் வரவில்லை" என்றும் ஒரே வாரத்தில் எழுதுவது இதனால்தான். உங்கள் தாளில் வார்த்தையை எழுதாமல் எண்ணை எழுதுங்கள்.

வெப்பமண்டலக் கடல்கள் எல்லாமே சூடேறி வருவதால் நினோ 3.4-ன் விலகலும் சற்று மேல்நோக்கி ஏறியே தெரியும். இதைச் சரிசெய்ய மொத்த வெப்பமண்டலத்தின் விலகலைக் கழித்துத் தரும் "ஒப்பீட்டு நினோ" குறியீடும் இப்போது கிடைக்கிறது. இரண்டும் கிடைத்தால் ஒப்பீட்டு எண்ணுக்கு முன்னுரிமை கொடுங்கள். காற்றோட்டம் பார்ப்பது பக்கத்துக் கடலைவிடச் சூடா இல்லையா என்பதைத்தான்.

இது வங்கக்கடலை எப்படித் தொடுகிறது? லா நினாவில் பசிபிக்கின் சூடான நீர் மேற்கே, இந்தோனேசியாவை ஒட்டிக் குவிகிறது. காற்று மேலெழும் மையம் அங்கேயும் கிழக்கு இந்தியப் பெருங்கடலிலும் வலுக்கிறது. நடுவளிமண்டலத்தில் ஈரம் கூடுகிறது. நிலநடுக்கோட்டில் மேற்குக்காற்று, அதற்கு வடக்கே கிழக்குக்காற்று. இரண்டுக்கும் இடையில் தெற்கு வங்கக்கடலில் இடஞ்சுழல் எளிதில் பிடித்துக்கொள்கிறது. தாழ்வுகள் கிழக்கே, அந்தமானை ஒட்டிப் பிறப்பதால் கரைக்கு வருமுன் நீண்ட கடற்பயணம் கிடைக்கிறது. வலுப்பெற நேரமும் கிடைக்கிறது. 1970-ன் போலா புயல், 1999-ன் ஒடிசா சூப்பர் புயல், 2007-ன் சிதர் மூன்றும் லா நினா ஆண்டுகளின் அக்டோபர்-நவம்பரில் வந்தவை. எல் நினோவில் மேலெழும் மையம் நடுப் பசிபிக்குக்கு நகர்ந்துவிட, நம் பக்கத்தில் காற்று கீழிறங்கி வறள்கிறது.

எப்போது பார்ப்பது? மார்ச் முதல் மே வரை வரும் எல் நினோ முன்கணிப்புகள் நம்பத்தகாதவை. வசந்த காலத்தில் பசிபிக்கின் நிலை எந்தப் பக்கமும் சாயக்கூடியது, கணினி மாதிரிகளும் தடுமாறும். ஏப்ரல் மாதத் தலைப்புச் செய்தியை வைத்து டிசம்பருக்குத் திட்டமிட வேண்டாம். ஜூலைக்குப் பிறகு வரும் கணிப்பு பெரும்பாலும் நிற்கும். சுழற்சி தன் உச்சத்தைத் தொடுவது நவம்பர்-ஜனவரியில். நம் புயல் காலமும் ஏறக்குறைய அதுவே என்பது நமக்கு வசதி.

இந்தியப் பெருங்கடல் இருமுனை

இதற்கு இரண்டு பெட்டிகள். மேற்குப் பெட்டி அரபிக்கடலின் தெற்கே, கிழக்குத் தீர்க்கரேகை 50-70, வடக்கே 10 முதல் தெற்கே 10 வரை. கிழக்குப் பெட்டி சுமத்ராவை ஒட்டி, தீர்க்கரேகை 90-110, நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே 10 வரை. மேற்கின் விலகலிலிருந்து கிழக்கின் விலகலைக் கழித்தால் குறியீடு. +0.4-க்கு மேல் நேர்மறை, −0.4-க்குக் கீழ் எதிர்மறை. மே-ஜூனில் முளைத்து, செப்டம்பர்-நவம்பரில் உச்சம் தொட்டு, காற்றுத்திசை மாறும் டிசம்பரில் சட்டென்று கரைந்துவிடும். டிசம்பர் புயலை நவம்பர் இருமுனை எண்ணோடு நேரடியாக முடிச்சுப் போடும்போது இதை மறக்கக் கூடாது.

எதிர்மறை ஆண்டில் நிலநடுக்கோட்டு மேற்குக்காற்று சூடான நீரைக் கிழக்கே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் கெல்வின் அலையாக (நிலநடுக்கோட்டையும் கரையையும் ஒட்டி நகரும் கடல் அலை) சுமத்ராவைத் தொட்டு, கரையோரமாக வங்கக்கடலுக்குள் நுழைந்து சூடான அடுக்கைத் தடிமனாக்குகிறது. மேலே போட்ட கணக்கில் 50 மீட்டர் 80 மீட்டராவது இப்படித்தான். நேர்மறை ஆண்டில் எல்லாம் தலைகீழ். அரபிக்கடல் பக்கம் வாய்ப்பு கூடும். 2019 இதற்குப் பாடம்போல அமைந்த ஆண்டு. மிக வலுவான நேர்மறை இருமுனை. வட இந்தியப் பெருங்கடலில் உருவான 8 புயல்களில் 5 அரபிக்கடலில். கியாரும் மகாவும் ஒரே நேரத்தில் அங்கே சுழன்றன. வழக்கமாக வங்கக்கடலுக்கு நான்கு என்றால் அரபிக்கடலுக்கு ஒன்று என்பதே விகிதம்.

தமிழ்நாட்டு மழைக்கு நேர்மறை இருமுனை பொதுவாக உதவும், எதிர்மறை பாதிக்கும். 2016-ல் புயல் வந்தும் மழை வராததன் ஒரு பாதி இங்கே இருக்கிறது. மறு பாதியைப் புயல்களிடமே பார்க்கலாம். கியாந்த் கரையைத் தொடாமல் ஆந்திரக் கரைக்கு அப்பால் கடலிலேயே கரைந்தது. நாடா வலுவிழந்து தாழ்வு மண்டலமாகக் காரைக்கால் அருகே வந்தது. வர்தா மட்டும் டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கி, மரங்களைச் சாய்த்துவிட்டு ஒரே நாளில் உள்ளே போய்விட்டது. எண்ணிக்கை மூன்று, சேதம் ஒன்றில்.

எண்ணை வாய்ப்பாக மாற்றுதல்

செப்டம்பர் கடைசி வாரத்தில் தாளில் இரண்டு எண்கள் இருக்கும்: நினோ 3.4-ன் மூன்று மாதச் சராசரி, இருமுனைக் குறியீடு. இனி, பலர் விட்டுவிடும் ஒரு படி. வங்கக்கடலில் அக்டோபர்-டிசம்பரில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு புயல்கள் என்பதை அடிப்படைச் சராசரியாக வையுங்கள். லா நினாவும் எதிர்மறை இருமுனையும் சேர்ந்தால் 3 ஆக்குங்கள். எல் நினோவும் நேர்மறையும் சேர்ந்தால் 1.3. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அல்லது இரண்டும் எல்லைக்குள் நின்றால் 2-ஐத் தொடாதீர்கள். இந்த 3, 1.3 என்பவை வேலைக்கான தோராயம்தான். சொந்தப் பதிவு சேரச் சேரத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு சராசரியைக் கொடுத்தால் எத்தனை புயல் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் பாய்சான் பரவல் சூத்திரம் எக்செலில் இருக்கிறது. அதில் இந்தச் சராசரிகளைப் போட்டால் கிடைப்பது:

சராசரி 2 எனில் புயலே வராத வாய்ப்பு 14 சதவீதம். மூன்றோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 32.
சராசரி 3 எனில் முறையே 5, 58.
சராசரி 1.3 எனில் 27, 14.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். இரண்டு குறிகளுமே புயலுக்குப் பாதகமாக இருக்கும் ஆண்டிலும் ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு மூன்று புயல்களுக்கு இருக்கிறது. 2018 அப்படித்தான் ஆனது. பலவீனமான எல் நினோ தலையெடுத்த அந்த ஆண்டில் தித்லி, கஜா, பெய்ட்டி மூன்றும் அக்டோபர்-டிசம்பரில் வங்கக்கடலில் உருவாயின. நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. 1977-ம் அப்படியே. பலவீனமான எல் நினோ ஆண்டு; நவம்பர் 19-ல் புயலில் ஆந்திராவின் திவிசீமா அழிந்தது. 2023-ல் எல் நினோவும் நேர்மறை இருமுனையும் ஒன்றாக நின்றபோதுதான் மிக்ஜாம் சென்னைக்கு அப்பால் மெல்ல ஊர்ந்து நகரை மூழ்கடித்தது.

"எல் நினோ ஆண்டு, புயல் வராது" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கடலுக்குப் போகிறவருக்கும் கரையோரத் தோப்புக்காரருக்கும் அந்த ஒரு வாக்கியம் செய்யும் கேடு பெரிது. 27 சதவீதம் வராமல் போகலாம் என்றால் 73 சதவீதம் ஒன்றாவது வரும். தென்னை மட்டைகளைக் கழிப்பது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது, படகு நிறுத்த இடம் பார்ப்பது, பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடைசித் தேதிக்கு முன் கட்டுவது ஆகிய வேலைகள் எந்தக் கட்டத்திலும் குறைவதில்லை. சராசரி 3 என்று வந்தால் அதிகமாகச் செய்ய வேண்டியவை வேறு: கூடுதல் டீசல், ஜெனரேட்டர் பராமரிப்பு, அறுவடைத் தேதியை முன்னுக்கு இழுக்க முடியுமா என்ற யோசனை.

அக்டோபருக்குப் பிறகு: எம்ஜேஓ

மேலே பார்த்த இரண்டும் பருவத்துக்கானவை. எந்த வாரம் என்று சொல்லாது. அதற்கு மேடன்-ஜூலியன் அலைவு, சுருக்கமாக எம்ஜேஓ. 30 முதல் 60 நாளில் பூமியைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக நகரும் மேகக் கூட்டம் இது. அது இப்போது எங்கே என்று காட்டும் வரைபடத்தில் எட்டுக் கட்டங்களும் நடுவில் ஒரு வட்டமும் இருக்கும். புள்ளி வட்டத்துக்குள் இருந்தால் அலைவு பலவீனம்; கட்ட எண்ணுக்குப் பொருளில்லை. வட்டத்துக்கு வெளியே, அதாவது வீச்சு 1-க்கு மேல், கட்டம் 2, 3-ல் இருந்தால் இந்தியப் பெருங்கடலில் மேகம் பெருகும். 4, 5 இந்தோனேசியத் தீவுகள். வங்கக்கடலில் புயல் முளைக்க 3 முதல் 5 வரை சாதகம். 7, 8, 1-ல் இருக்கும்போது பொதுவாக அமைதி.

வழக்கமான பிழை, கோடு கட்டம் 3-க்குள் நுழைந்த அன்றே புயலை எதிர்பார்ப்பது. முதலில் மேகம் திரள வேண்டும், பிறகு தாழ்வுப் பகுதி, பிறகு தாழ்வு மண்டலம். ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அதற்குள் அலைவே கட்டம் 4, 5-க்குப் போயிருக்கும். இந்திய வானிலை ஆய்வு மையம் வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரப் புயல் வாய்ப்பை வெளியிடுகிறது. உங்கள் எம்ஜேஓ கணிப்பை அதோடு ஒப்பிட்டு, அது எங்கே மாறுபடுகிறது, ஏன் என்று யோசிப்பது நல்ல பயிற்சி. முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் அவர்கள் அறிக்கையே செல்லும்.

விண்ட் ஷியர்: ஒரு நிமிடச் சோதனை

850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக் காற்று (சுமார் ஒன்றரை கி.மீ. உயரம்), 200 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக் காற்று (சுமார் 12 கி.மீ.) இரண்டையும் ஒரே புள்ளியில் எடுங்கள். திசையோடு கழியுங்கள். கீழே கிழக்கிலிருந்து 10 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), மேலே கிழக்கிலிருந்து 25 நாட் என்றால் வேறுபாடு 15, புயல் தாங்கும். கீழே மேற்கிலிருந்து 20, மேலே கிழக்கிலிருந்து 40 என்றால் எதிரெதிர்த் திசை, ஆகவே கூட்ட வேண்டும், 60. எந்தச் சுழலும் நிமிராது. ஜூலை-ஆகஸ்டில் வங்கக்கடல் கொதித்தும் பெரும்பாலும் தாழ்வு மண்டலங்களோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இந்த இரண்டாவது நிலைதான். வேறுபாடு 20 நாட் அளவுக்குள் இருந்தால் சாதகம் என்று கொள்ளலாம். வேகத்தை மட்டும் கழித்துத் திசையை விட்டுவிட்டால், இந்தச் சோதனையே தலைகீழான பதிலைத் தரும்.

எந்தக் கரை?

இதில் சுழற்சிகளைவிட நாட்காட்டி நன்றாகப் பேசும். அக்டோபரில் பிறப்பவை பெரும்பாலும் வடக்கே போகும்: பைலின் 2013 அக்டோபர் 12-ல் கோபால்பூர், ஹுட்ஹுட் மறு ஆண்டு அதே தேதியில் விசாகப்பட்டினம். நவம்பர் நடுவிலிருந்து பாதை தெற்கே இறங்கும்: 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புதுச்சேரிக்கு அருகே. டிசம்பரில் நம் கரையும் இலங்கையும்: 1964 டிசம்பர் 22-23 இரவு தனுஷ்கோடி, 2011 டிசம்பர் 30 கடலூர் அருகே தானே, 2020 டிசம்பர் 2 இலங்கையின் கிழக்குக் கரையில் புரெவி. லா நினா ஆண்டின் டிசம்பரைத் தமிழ்க் கரை இரண்டு பக்கமும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பட்டியலே காரணம். மூன்றும் லா நினா ஆண்டுகள்.

எங்கே சறுக்கும்

அட்லாண்டிக் விதியை இங்கே ஒட்டவைப்பது முதல் சறுக்கல். அங்கே எல் நினோ புயலை அடக்குவது மேலடுக்கு மேற்குக்காற்றை வலுப்படுத்தி, ஷியரைக் கூட்டுவதன் மூலம். மேற்குப் பசிபிக்கில் எல் நினோ புயல்களின் பிறப்பிடத்தைத் தென்கிழக்கே நகர்த்தி, ஆயுளை நீட்டுகிறது. மூன்று கடல், மூன்று விளைவு. அட்லாண்டிக்குக்குள்ளேயே விதி உடைந்த ஆண்டும் உண்டு: 2023-ல் வலுவான எல் நினோ இருந்தும் அட்லாண்டிக் வரலாறு காணாத சூட்டில் இருந்ததால் 20 புயல்கள் உருவாயின.

பல பத்தாண்டுச் சுழற்சிகளைப் பற்றிக் கேள்வி வரும். அட்லாண்டிக் 1970-கள் முதல் 1994 வரை குளிர்ந்தும் 1995-லிருந்து சூடாகவும் இருந்தது உண்மை. அதன் புயல் எண்ணிக்கையும் கூடவே ஏறியது. வங்கக்கடலுக்கு அப்படியொரு சுழற்சியை நிறுவ நம்பகமான செயற்கைக்கோள் பதிவு போதாது. ஆண்டுக்கு நான்கு புயலை வைத்து அறுபது ஆண்டு அலையைத் தேடக் கூடாது. இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது நீண்டகாலச் சூடேற்றம்: வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1951-2015 காலத்தில் சராசரியாக 1 டிகிரி சூடேறியிருக்கிறது என்று இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. பழைய எல் நினோ ஆண்டை இன்றைய எல் நினோ ஆண்டோடு ஒப்பிடும்போது அடியிலுள்ள கடல் ஒன்றல்ல.

அடுத்தது, பெயரை மட்டும் எண்ணுவது. மணிக்கு 62 கி.மீ. காற்று வந்தால்தான் புயல், பெயர். 2015 நவம்பரில் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்குப் பெயர் இல்லை. கடலூர் மாவட்டம் அதில்தான் மூழ்கியது. 2024 நவம்பர் 30-ல் கரை கடந்த ஃபெஞ்சல் காற்றளவில் சாதாரணப் புயல். ஆனால் நகராமல் நின்றதால் மயிலத்தில் 51 செ.மீ. மழை. நகரும் வேகத்தை எந்தக் கடல் சுழற்சியும் முன்கூட்டிச் சொல்லாது. அதற்குக் கடைசி மூன்று நாள் அறிக்கைதான் வழி.

செயற்கைக்கோள் எண்ணிலும் கவனம் தேவை. அகச்சிவப்புக் கருவி மேகத்துக்கு அடியில் பார்க்காது. காற்றில்லாத மதியத்தில் கடலின் மேல்தோலை மட்டும் அளந்து ஒரு டிகிரி கூடக் காட்டலாம். புயல் கடந்த பாதையில் அடுத்த சில நாட்களுக்குக் குளிர்ந்த தடம் கிடக்கும். அதே பாதையில் பத்து நாளுக்குள் இரண்டாவது தாழ்வு வந்தால் பழைய வரைபடத்தை வைத்து எரிபொருள் கணக்குப் போட வேண்டாம்.

பதிவேடு

ஜனவரி முதல் வாரத்தில் தாளை முடித்துவையுங்கள். நெடுவரிசைகள்: ஆண்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் இருந்த நினோ மற்றும் இருமுனைக் கணிப்பு, செப்டம்பர் இறுதியில் உண்மையில் வந்த எண், நீங்கள் வைத்த சராசரி, வந்த புயல்கள், ஆழ்ந்த தாழ்வு மண்டலங்கள் தனித்தனியாக, ஒவ்வொன்றும் பிறந்த அன்று எம்ஜேஓ கட்டமும் வீச்சும், கரை கடந்த இடம், உங்கள் மாவட்டத்தின் மழை, செ.மீ.-ல். 1990-லிருந்து பின்னோக்கி நிரப்பத் தேவையான எண்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. புயல் பாதைகளை இந்திய வானிலை ஆய்வு மையத்தின் புயல் அட்லசிலிருந்து எடுக்கலாம். மழை நெடுவரிசையையும் புயல் நெடுவரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் தாளின் இரண்டு ஓரங்களில் வையுங்கள். அருகருகே இருந்தால் கண் தானாகவே இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தொடங்கிவிடும்.